65 வேறு, 67 வேறு

நேயர்களுக்கு வணக்கம். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் 28 வருஷம் வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு ‘ஷிப்’ என்கிற அரசுத் திட்டத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தருகிற மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றிக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வதற்கு எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கோவில் அடித்தளத்தில், கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்காருவேன். தோசைக்கு வரிசையில் நிற்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். நான் எந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஆள் இல்லை, எதையும் விற்கவும் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு நாலு விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். மெடிகேரில் எப்போது பதிய வேண்டும், எந்த வழியில் போவது, மருந்துக்கு என்ன ஏற்பாடு, ஊரிலிருந்து வந்து நம்மோடு இருக்கும் அப்பா அம்மாவுக்கு என்ன. பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கலாம்.

முதல் விஷயம். 65 வேறு, 67 வேறு. 1960க்கும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு சோஷியல் செக்யூரிட்டி பணம், அதாவது அரசு ஓய்வூதியம், முழுசாக வருவது 67 வயதில். மெடிகேர் தொடங்குவது 65ல். நம் ஆட்கள் கணக்கில் புலி. 67 வரை பொறுத்தால் மாதம் எவ்வளவு கூடும், 70 வரை பொறுத்தால் எவ்வளவு கூடும் என்று எக்செல் போட்டு வைத்திருப்பார்கள். அந்த எக்செலில் 65க்கு ஒரு வரி இருக்காது. சோஷியல் செக்யூரிட்டி பணம் ஏற்கனவே வாங்குகிறவர்களுக்கு சிவப்பு, வெள்ளை, நீலத்தில் மெடிகேர் அட்டை தானாகத் தபாலில் வந்துவிடும். வாங்காதவர்களுக்கு வராது. நாம்தான் போய்க் கேட்க வேண்டும். 65 நிறைகிற மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம், ஆக மொத்தம் ஏழு மாதம் அவகாசம்.

அந்த அட்டைக்கு ஒரு கதை உண்டு. 1965 ஜூலை 30ஆம் தேதி, அதிபர் ஜான்சன் இந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்காக மிசௌரியில் இண்டிபென்டன்ஸ் என்கிற ஊர் வரைக்கும் போனார். பழைய அதிபர் ட்ரூமனின் ஊர் அது. ட்ரூமன் இருபது வருஷம் முன்னால் கேட்டு, காங்கிரஸ் தர மறுத்த விஷயம் இது. அதனால் முதல் அட்டையை அவருக்கே கொடுத்தார்கள். அவருக்கு அப்போது 81 வயது. சரி, நம் கதைக்கு வருவோம்.

“நான் இன்னும் வேலையில் இருக்கிறேனே, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்று கேட்பீர்கள். நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ வேலை பார்க்கிற கம்பெனியில் 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பார்ட் பி-யைத் தள்ளிப் போடலாம், அபராதம் இல்லை. பார்ட் பி என்றால் டாக்டர், ஸ்கேன், லேப், வெளிநோயாளியாகச் செய்கிற சிகிச்சை எல்லாம். பார்ட் ஏ என்றால் ஆஸ்பத்திரியில் படுத்தால். 20 பேருக்குக் குறைவான கம்பெனி என்றால் மெடிகேர்தான் முதலில் பணம் தரும், கம்பெனி இன்சூரன்ஸ் அப்புறம். அப்போது 65லேயே பதிந்தாக வேண்டும். சின்னக் கன்சல்டிங் கம்பெனிகளில் இருக்கிற நம் பிள்ளைகள், பிள்ளைகள் என்றா சொன்னேன், அவர்களுக்கும் 65 ஆகிவிட்டது, அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது பாம்புக் கதை. இதை எங்கே போனாலும் சொல்கிறேன், என் வீட்டுக்காரர் வாயசைத்தே ஒப்பிப்பார்.

2023 ஜூலையில் ஒரு ஞாயிறு. ஒருவர் கையில் இரண்டு தோசைத் தட்டோடு என் மேசைக்கு வந்தார். “அக்கா, சும்மா ஒரு சந்தேகம்” என்றார். சும்மா ஒரு சந்தேகம் என்று தொடங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். 2021 டிசம்பரில், 66 வயதில், கம்பெனி ஆளைக் குறைத்தபோது இவருக்கும் வேலை போயிருக்கிறது. கோப்ரா எடுத்துக்கொண்டார். வேலை போன பிறகும் அதே இன்சூரன்ஸை முழுப் பணத்தையும் நாமே கட்டித் தொடர்வதற்குப் பெயர் கோப்ரா. 18 மாதம் ஒழுங்காகக் கட்டினார். ஜூனோடு அது முடிந்தது. “இனி மெடிகேருக்குப் போகலாம்னு இருக்கேன், எந்த ஃபாரம்க்கா?”

அதே டாக்டர், அதே அட்டை, அதே கம்பெனி. இன்சூரன்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை என்றுதான் அவர் நினைத்தார். மெடிகேர் அப்படி நினைக்கவில்லை. அதன் கணக்கில், வேலையில் இருக்கும்போது இருக்கிற இன்சூரன்ஸ்தான் இன்சூரன்ஸ். கோப்ரா அதில் சேராது. வேலை நின்ற நாளிலிருந்து எட்டு மாதம், அதற்குள் பார்ட் பி-க்குப் பதிந்திருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், கோப்ரா முடிகிற நாள் கணக்கு இல்லை, வேலை நின்ற நாள் கணக்கு. இவருக்கு அந்த எட்டு மாதம் முந்தின வருஷமே முடிந்துவிட்டது.

தட்டை மேசையில் வைத்தார். சாம்பார் என் காகிதத்தில் பட்டது, அவர் கவனிக்கவில்லை. அந்தச் சமயம் அவர் மனைவி வந்து “தோசை ஆறுதே” என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பார்ட் ஏ அவருக்கு உடனே கிடைத்தது. பார்ட் பி-க்கு 2024 ஜனவரியில் திறக்கும் பொதுப் பதிவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜனவரியில் பதிந்தார், பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஏழு மாதம் டாக்டருக்கும் டெஸ்டுக்கும் கைக்காசு. அதற்கு மேல் அபராதம். விட்டுப்போன ஒவ்வொரு முழுப் பன்னிரண்டு மாதத்துக்கும் 10 சதவீதம். இவருக்கு இரண்டு பன்னிரண்டு, ஆக 20 சதவீதம். ஒரு தடவை கட்டி முடிக்கிற அபராதம் இல்லை, உயிரோடு இருக்கிறவரைக்கும். 2026ல் பார்ட் பி மாதத்துக்கு 202 டாலர் 90 சென்ட். அவருக்கு அதன் மேல் 40 டாலர் 60 சென்ட். கட்டணம் ஏறினால் அபராதமும் கூடவே ஏறும். பெயரிலேயே பாம்பு இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

சரி. இரண்டாவது, எந்த வழி. பழைய மெடிகேர், அதாவது ஏ-யும் பி-யும், டாக்டர் பில்லில் 80 சதவீதம் தரும். மீதி 20 நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. ஒரு லட்சம் டாலர் கீமோதெரபி என்றால் இருபதாயிரம். அந்த ஓட்டையை அடைக்க மெடிகேப் என்று தனியாக ஒரு பாலிசி வாங்கலாம், அதற்கு மாதாமாதம் தனிப் பணம். இல்லையென்றால் அட்வான்டேஜ் திட்டம். தனியார் கம்பெனி எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகத் தரும். பல திட்டங்களுக்குக் கூடுதல் பிரீமியம் பூஜ்யம். பார்ட் பி பணம் மட்டும் எப்போதும் போலக் கட்ட வேண்டும், விளம்பரத்தில் அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். பல்லுக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, ஜிம்முக்கு இவ்வளவு. நாட்டில் மெடிகேர்காரர்களில் பாதிக்கு மேல் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். அதில் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வருஷச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, 2026ல் நெட்வொர்க்குக்குள், அதாவது திட்டத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கிற டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்குள், அதிகபட்சம் 9,250 டாலர். மெடிகேப் கட்ட முடியாத குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நெட்வொர்க் உண்டு, பல சிகிச்சைகளுக்கு முன் அனுமதி உண்டு. அந்த முன் அனுமதிக்காக ஃபேக்ஸ் மெஷின் முன்னால் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு வருஷம் வரும்.

எது மலிவு என்று என்னைக் கேட்காதீர்கள், எந்தக் கதவு திரும்பத் திறக்காது என்று கேளுங்கள். 65 ஆகி, பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம், எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் சர்க்கரையைப் பற்றியோ ஸ்டென்ட்டைப் பற்றியோ கேள்வி கேட்கக் கூடாது. கேட்ட பாலிசியைக் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதம் தாண்டினால் கேட்கலாம், மறுக்கலாம். முதலில் அட்வான்டேஜில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்பி வரலாம். அதற்கப்புறம் இங்கே நியூ ஜெர்சியில் கஷ்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கில் கேட்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, கனெக்டிகட்டிலும் இல்லை. அங்கே எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். 65ல் எல்லோரும் திடமாகத்தான் இருப்போம். 74ல் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, டிசம்பர் சீசனுக்கு டிக்கெட் போட்டிருக்கிறவர்கள் கொஞ்சம் ரேடியோ பக்கம் வாருங்கள். பழைய மெடிகேர் இந்தியாவில் ஒரு பைசா தராது. மெடிகேப்பில் ‘G’, ‘N’ போன்ற எழுத்துப் பெயர் கொண்ட சில பாலிசிகளில் மட்டும் வெளிநாட்டில் வருகிற அவசரச் சிகிச்சைக்கு இடம் உண்டு. முதல் 250 டாலர் நம்முடையது, மீதியில் 80 சதவீதம் அவர்கள் தருவார்கள், வாழ்நாள் முழுக்க 50,000 டாலர் வரை. பயணத்தின் முதல் 60 நாளுக்குள் தொடங்கிய அவசரமாக இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் மயிலாப்பூரில், தண்ணீர் லாரி சிந்திவிட்டுப் போன ஈரத்தில் வழுக்கி விழுந்தார். பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது. கச்சேரி எல்லாம் முடிந்துவிட்டது, சும்மா காபிப்பொடி வாங்கப் போனவர். இடுப்பு எலும்பு. அவர் வலியில் கத்துகிறார், நான் ஆட்டோவில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணுகிறேன், வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று. 52. அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். பில் கிட்டத்தட்ட 5,000 டாலர். 250 கழித்து, 80 சதவீதம் போட்டு, 3,800 டாலர் திரும்ப வந்தது. சும்மா வரவில்லை. ‘அறுவை சிகிச்சை, மொத்தம்’ என்று ஒரே வரியில் பில் கொடுத்தார்கள். அது செல்லாது என்று எனக்குத் தெரியும், நான் பார்த்த வேலை அப்படி. ஸ்க்ரூ, ஊசி, ரூம் வாடகை, ஒவ்வொன்றாகத் தேதி போட்டு ஆங்கிலத்தில் எழுதி வாங்கினேன். போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த நாளில் வந்தோம் என்று நிரூபிக்க அதுதான் சாட்சி. அவர் இன்னும் 9 நாள் கழித்து விழுந்திருந்தால் எல்லாம் கைக்காசுதான்.

அட்வான்டேஜ் திட்டங்கள் சிலவற்றிலும் வெளிநாட்டு அவசரத்துக்கு ஏதாவது இருக்கும், தாளைப் பாருங்கள். ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் ஒரேயடியாக ஊரில் தங்கினால், பொதுவாக அந்தத் திட்டத்திலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிஷமாம். மருந்தும் அப்பா அம்மாவும் பாக்கி.

அப்பா அம்மாவை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் முப்பது வருஷம் வரி கட்டியது அவர்கள் கணக்கில் ஏறாது. கணவன் மனைவிக்குத்தான் ஒருவர் கணக்கு மற்றவருக்கு உதவும். கிரீன் கார்டு வாங்கி, 65 ஆகி, இங்கே தொடர்ந்து ஐந்து வருஷம் இருந்தால், அவர்களே பணம் கட்டி மெடிகேர் வாங்கலாம். பார்ட் ஏ-க்கு மட்டும் 2026ல் மாதம் 565 டாலர், அதற்கு மேல் பார்ட் பி. பி-யை மட்டும் வாங்கவும் வழி உண்டு. ஐந்து வருஷம் ஆகிறவரைக்கும் மாநில மார்க்கெட்பிளேஸில், அதாவது மாநிலம் நடத்துகிற இன்சூரன்ஸ் சந்தையில், பாருங்கள். விசிட்டர் விசாவில் வந்தவர்களுக்கு இது எதுவும் இல்லை.

மருந்து, பார்ட் டி. பட்டியலில் உள்ள மருந்துக்கு 2026ல் நம் கையிலிருந்து 2,100 டாலர் போனால், அதற்கு மேல் அந்த வருஷம் கட்ட வேண்டாம். இப்போது மாத்திரையே இல்லை என்று பார்ட் டி எடுக்காமல் விட்டால் அதற்கும் அபராதம் உண்டு. திட்டங்கள் வருஷா வருஷம் மருந்துப் பட்டியலை மாற்றும். போன வருஷம் இருந்த இன்சுலின் இந்த வருஷமும் இருக்கிறதா என்று பார்த்து, வேண்டுமானால் மாற்றிக்கொள்ள டிசம்பர் 7 வரைதான். 1-800-633-4227, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். இல்லை, வருகிற ஞாயிறு என் மேசைக்கு வாருங்கள். மாத்திரை டப்பாக்களை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டு வாருங்கள், பெயரை நினைவிலிருந்து சொல்ல வேண்டாம். தோசையைச் சாப்பிட்டுவிட்டு வந்தால் போதும். வணக்கம்.