பூப் படத்துக்கு டெக்ஸ்சர்: ஒட்டுனது தெரியாம வைக்கிறது எப்படி?

[காட்சி: பித்தளைச் சொம்பில் மஞ்சள் சாமந்தி, பின்னால் சாம்பல் நிற சார்ட். சார்ட் மெதுவாகப் பழைய சுண்ணாம்புச் சுவராக மாறுகிறது.]

வணக்கம். இப்போ நீங்க பார்த்த சுவர் அந்த அறையில இல்லவே இல்ல. சாமந்தியை எடுத்தது ஜன்னல் ஓரத்துல. சுவரை எடுத்தது வேற தெருவுல, வேற நாள்ல. சேர்த்துப் பார்த்தா ஒரே இடம்னு நம்புறோம். ஆனா இப்படி டெக்ஸ்சர், அதாவது சுவர் மாதிரி சொரசொரப்பான பரப்போட படத்தை மேல போட்ட நிறைய படங்கள்ல அந்த நம்பிக்கை வர்றதில்ல, பூ மேல அழுக்குக் கண்ணாடி வச்ச மாதிரி இருக்கும். ஏன்னா, பூ மேல விழுற வெளிச்சம் ஒரு பக்கம், சுவர்ல விழுந்த வெளிச்சம் வேற பக்கம். அதோட, பின்னால நிக்க வேண்டிய சுவர் பூவை விடக் கூர்மையா தெரியுது. இது ரெண்டையும்தான் இன்னிக்கு சரி பண்ணப் போறோம்.

பூ வாங்குறதுல ஒரு சின்னச் சிக்கல். நம்ம ஊர் பூக்கடையில கிடைக்கிறது உதிரிப்பூ, மாலை கட்டுறதுக்கு. காம்பு இருக்காது. பொக்கே கடையில கேளுங்க, இல்லன்னா தொட்டியில இருந்து காம்போட வெட்டுங்க. சாமந்தி தண்ணியில பல நாள் தாங்கும், அதனால பழகுறதுக்கு நல்ல பூ. செம்பருத்தி ஒரே நாள்தான், ஆனா அந்த ஒரு நாள் தண்ணி இல்லாமலே விரிஞ்சு நிக்கும். சொம்பே வேண்டாம், மேசை மேல படுக்க வச்சும் எடுக்கலாம்.

[காட்சி: ஜன்னல், மேசை, சார்ட், வெள்ளை தெர்மாகோல். மேலிருந்து பார்க்கும் கோணம்.]

நேர் வெயில் விழாத ஜன்னல் போதும். பூவுக்கு இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் தெர்மாகோல் அட்டை. அட்டையைக் கிட்ட கொண்டு போனா நிழல் இளகும், எடுத்துட்டா அடர்த்தியாகும். நான் பெரும்பாலும் எடுத்துடுவேன். நிழல் இருந்தாத்தான் இதழ் சுருள்றது தெரியும்.

இதுல பெரிய கைகாரங்க பழைய டச்சு ஓவியர்கள். ரேச்சல் ரைஷ், 1664-ல பிறந்தவங்க, எண்பது வயசு தாண்டியும் பூ வரைஞ்சவங்க. அவங்க கொத்துல வெளிச்சம் நடுவுல இருக்கிற வெளிர் பூக்கள்ல குவியும், ஓரத்துல இருக்கிற பூவும் இலையும் இருட்டுக்குள்ள கரையும். சில பூ முதுகைக் காட்டித் திரும்பி நிக்கும். இதை அப்படியே எடுத்துக்கலாம்: மூணு பூ வச்சா ஒண்ணு கேமராவைப் பார்க்கட்டும், ஒண்ணு பக்கவாட்டுல, ஒண்ணு முதுகு காட்டட்டும். மேசை விளிம்பு சொம்போட கழுத்தை வெட்டாம பார்த்துக்கங்க. ஒரு பக்கம் தாராளமா காலி இடம் விடுங்க, சுவர் வந்து உட்காரப் போறது அங்கதான்.

சிவப்புப் பூவுக்கு ஒரு எச்சரிக்கை. வெளிச்ச அளவைக் காட்டுற வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தமாப் பார்த்தா நல்லா இருக்கும், ஆனா சிவப்பு நிறத்துக்கான சேனல் மட்டும் வலது ஓரத்துல முட்டி நிக்கும். அப்போ இதழ் நரம்பெல்லாம் போய் ஒரே சிவப்புத் திட்டு ஆயிடும். சிவப்பு, பச்சை, நீலம்னு தனித்தனியாக் காட்டுற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைப் பாருங்க, தேவைப்பட்டா எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்புக்கு மேல குறைங்க.

சரி, ஏன் சாம்பல் சார்ட்? வெள்ளையோ கறுப்போ ஏன் இல்ல? பதில் பிளெண்டிங் மோடுல இருக்கு, அதாவது எடிட்டிங் ஆப்ல மேல வச்ச லேயர் கீழ இருக்கிற படத்தோட கலக்குற முறை. ஓவர்லேங்கிற மோடுல கீழ இருக்கிற படம் சுத்த வெள்ளையா இருந்தா வெள்ளையாவே நிக்கும், சுத்தக் கறுப்பு கறுப்பாவே நிக்கும். டெக்ஸ்சர் பிடிக்கிறதே நடு டோன்லதான். மேல வைக்கிற டெக்ஸ்சர்லயும் சரிபாதிச் சாம்பல் எதையும் மாத்தாது, அதை விட இருட்டானது இருட்டாக்கும், வெளிச்சமானது வெளிச்சமாக்கும். சாஃப்ட் லைட் இதோட சாதுவான தம்பி. மல்டிப்ளை இருட்டாக்க மட்டும் செய்யும், ஸ்கிரீன் வெளுப்பாக்க மட்டும். நான் சாஃப்ட் லைட்ல ஆரம்பிச்சு, பத்தலன்னா மட்டும் ஓவர்லேக்குப் போவேன்.

[காட்சி: காலை வெயில் சாய்வாக விழும் காரை பெயர்ந்த சுவர். அதே படம் இடவலம் திருப்பப்படுகிறது.]

டெக்ஸ்சரை டவுன்லோடு பண்ணாதீங்க, நீங்களே எடுங்க. காரை பெயர்ந்த சுவர், சாக்கு, துருப்பிடிச்ச தகரம், அம்மிக்கல் எல்லாமே ஆகும். கேமரா சுவருக்கு நேர் எதிரா, சாயாம இருக்கணும். வெயில் பக்கவாட்டுல சாய்ஞ்சு விழும்போது எடுத்தாத்தான் சொரசொரப்பு எழும்பி வரும். இங்கதான் முதல் பிரச்சினை. பூ மேல வெளிச்சம் இடது பக்கம், சுவர்ல வலது பக்கம்னா மேடெல்லாம் பள்ளமாத் தெரியும். கண்ணு காரணம் சொல்லாது, ஆனா ஏதோ இடிக்குதுன்னு சொல்லும். டெக்ஸ்சரை இடவலமாத் திருப்புங்க, முடிஞ்சது.

அடுத்து கூர்மை. பூவை சுவருக்கு ரெண்டு மூணு அடி முன்னால வச்சு, 50 எம்எம் லென்ஸ்ல எஃப்/4-ல எடுத்திருந்தா, நிஜமான சுவர் கொஞ்சம் மங்கித்தான் இருந்திருக்கும். அதனால டெக்ஸ்சர் லேயர்ல காஸியன் ப்ளர்ங்கிற மங்கல் ஃபில்டரைப் போடுங்க, சொம்போட பின் விளிம்பு எவ்வளவு மங்கி இருக்கோ அதுக்கு மேல ஒரு துளி. ப்ளர் போட்டா சுவர்ல நாய்ஸ், அதாவது கேமரா விடுற பொடிப்புள்ளி போயிடும், பூவுல இருக்கும். கடைசியா எல்லாத்துக்கும் மேல அதே மாதிரி புள்ளிகளை, கிரெய்ன்னு சொல்றதை, ஒரே சீராப் போட்டா ரெண்டும் ஒரே கேமராவுல வந்ததாயிடும்.

[காட்சி: இதழ் மேல் கறை போன்ற திட்டுகள். நெருக்கமாக.]

இப்போ இதழ். டெக்ஸ்சர் இதழ் மேல ஏறினா பூவுக்கு நோய் வந்த மாதிரி ஆயிடும். எல்லாரும் சொல்றது, மாஸ்க் போட்டு அந்த இடத்துல டெக்ஸ்சரை மறைச்சு அழி. அழிச்சா சுவரோட நிறமும் சேர்ந்து போகும், பூவைச் சுத்தி ஒரு வெளிறின கோடு நிக்கும், பழையபடி ஒட்டுப் படம். அதுக்குப் பதிலா டெக்ஸ்சர் லேயர்லயே நிறம் எடுக்கிற கருவியான ஐடிராப்பரால சுவரோட சராசரி நிறத்தை எடுத்து, பூ இருக்கிற இடத்துல மென்மையான பிரஷ்ஷால பூசுங்க. சொரசொரப்பு மறையும், நிறச்சாயல் மட்டும் இதழ்ல தங்கும். நிஜத்துலயும் பக்கத்துச் சுவரோட நிறம் பூ மேல கொஞ்சம் படத்தானே செய்யும்! காம்புலயும் சொம்புலயும் கொஞ்சம் சொரசொரப்பை நான் விட்டுடுவேன், பித்தளைக்கு அது பொருந்துது.

போன்ல பண்றவங்களுக்கு: போட்ரெய்ட் மோடு வேண்டாம், இதழ் நுனியைக் கடிச்சு வச்சிடும். டெக்ஸ்சருக்கு சுவரை எடுக்கும்போதே ஃபோகஸைக் கொஞ்சம் தவற விட்டும் ஒண்ணு எடுத்து வைங்க, ப்ளர் வேலை மிச்சம். ஸ்னாப்சீட் ஆப்ல டபுள் எக்ஸ்போஷர்ல சுவரைக் கொண்டு வாங்க. அப்புறம் வியூ எடிட்ஸ் போய் அந்த ஸ்டெப்போட பிரஷ்ஷைத் திறந்து, பின்னணி மேல மட்டும் விரலால தேயுங்க, தேய்ச்ச இடத்துல மட்டும்தான் சுவர் வரும். இதழ் ஓரத்துல பிரஷ்ஷோட வலிமையை 25 அல்லது 50-க்குக் குறைச்சுக்கங்க.