கிராமத்து யூத் கிளப்புக்கு யாரு செலவு பண்றா?

வணக்கம் மக்களே! மொரீஷியஸ் தெக்குப் பக்கம், இந்த சவான் மாவட்டத்துல கரும்புக்காட்டுக்கு நடுவுல இருக்கற ஊருங்கள்ல யூத் கிளப் இருக்கும் பாருங்க, ஃபுட்பால், வாலிபால், தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து வர்றவங்களுக்குத் தண்ணி குடுக்கறது, எல்லாம் அந்தப் பசங்கதான். அதுக்குக் காசு எங்கேர்ந்து வருதுன்னு பாத்துடுவோம்.

[திரையில்: சங்கப் பதிவு, சிஎஸ்ஆர்]

ஏழு பேர் சேந்தா சங்கம் பதிவு பண்ணிடலாம், அது ஈஸி. அப்புறம் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்களோட சமூகப் பொறுப்புப் பணம். கம்பெனிங்க வரிக்குரிய வருமானத்துல 2 சதவீதம் சமூக வேலைக்கு ஒதுக்கணும்னு 2009லேர்ந்து சட்டம் இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல பெரும்பகுதி இப்ப வரி ஆபீஸ் வழியா நேஷனல் சோஷியல் இன்க்ளூஷன் ஃபவுண்டேஷன்ங்கற அரசு அமைப்புக்குப் போயிடுது, அங்க வாங்கணும்னா பதிவு பண்ணணும், ப்ராஜெக்ட் எழுதணும், கணக்கு காட்டணும், வேலை முடிஞ்சு வந்து பந்து ஒதைக்கற பசங்களுக்கு இதுக்கெல்லாம் ஏது நேரம்?

இங்கதான் எங்க ஊர் ஹார்ட்வேர் கடை மொதலாளி வர்றாரு. பேர் சொல்ல வேணாம்னுட்டாரு. சொந்தப் பேர்ல நடத்தற கடை, கம்பெனி கெடையாது, அதனால சிஎஸ்ஆர் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது, குடுக்கறது அத்தனையும் கைக்காசு.

[திரையில்: ராத்திரி, கிரவுண்டு வாசல்ல வேன்]

இந்த வேனத்தான் நான் முக்கியமா காட்டணும்னு நெனச்சேன். ஸ்டூடண்ட்ஸுக்கு 2005லேர்ந்து பஸ் ஃப்ரீதான், ஆனா கிராமத்துப் பக்கம் இருட்டிட்டா பஸ்ஸே இல்லையே, ப்ராக்டிஸ் முடியவே ஏழரை ஆயிடும், பொண்ணுங்கள எப்படி அனுப்புவாங்க? இவரு கடை ஆளுங்கள ஏத்திட்டு வர்ற வேன அனுப்பறாரு, டிரைவருக்கு ஓவர்டைமும் அவரே குடுக்கறாரு. பொண்ணு எறங்கி, வீட்டுக்குள்ள போயி கதவச் சாத்தற வரைக்கும் ஹெட்லைட்ட அணைக்கக்கூடாதுன்னு டிரைவர்கிட்ட கண்டிப்பா சொல்லி வச்சிருக்காரு. பொண்ணுங்க வாலிபால் டீம் இன்னைக்கு நிக்குதுன்னா இதனாலதான்.

கோப்பைக்கும் ஜெர்சிக்கும் குடுக்க எங்கேயும் ஆளு இருக்காங்க, போட்டோ வரும்ல. ஹால் கரண்ட் பில்லுக்கு யாரு வருவா? இவரு வர்றாரு, மாசாமாசம். ஆனா சும்மா குடுக்க மாட்டாரு, கிளப் கணக்குப் பாக்கற பொண்ணு நோட்ட எடுத்துட்டு கடைக்கு வரணும், "மாமா, பந்து ரெண்டு, நெட்டு ஒண்ணு, இந்தாங்க ரசீது"ன்னு கவுண்டர்ல வச்சு வரி வரியா படிச்சுக் காட்டணும், கூட்டல் தப்பா இருந்தா திருப்பி அனுப்பிடுவாரு. அந்தப் பொண்ணு இப்ப அக்கவுண்ட்ஸ் படிக்கப்போறேன்னு சொல்லுது, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

உங்க ஊர்ல கடை கண்ணி வச்சிருக்கறவங்க இதப் பாத்தா, கிளப் பசங்கள கூப்ட்டு மொதல்ல ஒண்ணு கேளுங்க, ராத்திரி வீட்டுக்கு எப்படிப் போறீங்கன்னு.