மேசைக் கணினிக்கு ஓய்வு கொடுக்கலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினி பழுதாகிவிட்டது; புதிதாக ஒன்று வாங்குவதா, டேப்லெட்டோடு நிறுத்திக்கொள்வதா? பலரும் கேட்கும் கேள்வி இது. மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, செய்தித்தாள், பேரப்பிள்ளைகளோடு வீடியோ அழைப்பு, இவ்வளவுதான் வேலை என்றால் டேப்லெட் தாராளமாகப் போதும். எழுதுகிறவர்களுக்கு மட்டும் பதில் கொஞ்சம் நீளும்.

2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேடை அறிமுகப்படுத்தியபோது, பெரிதாக்கிய ஐபோன்தானே என்று கேலி பேசினார்கள். கேலியில் நியாயமும் இருந்தது. கோப்புகளைப் பார்க்கத் தனிச் செயலி வந்தது 2017-இல்தான். மவுஸை முறையாக ஏற்றுக்கொண்டது 2020-இல். ஆப்பிளின் சொந்தக் கால்குலேட்டர் ஐபேடுக்கு வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது! கூட்டல் கழித்தலுக்கு இத்தனை தாமதம் ஏனோ, அவர்களுக்கே வெளிச்சம்.

தமிழில் எழுதுவதற்கு வருவோம். திரை விசைப்பலகை பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். நான்கு வரிக் கடிதத்துக்கு அது போதும், நான்கு பக்கக் கட்டுரைக்குப் போதாது. புளூடூத் விசைப்பலகை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையில் அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அம்மா' வந்துவிடும். புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆனால் எல்லா டேப்லெட்டும் வெளி விசைப்பலகையில் தமிழை ஒரே மாதிரி ஏற்பதில்லை. பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒரு வரி தட்டிப் பார்த்துவிடுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

பழைய கோப்புகள்தான் பெரிய தலைவலி. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோயில் மலரையோ சங்க அறிக்கையையோ டேப்லெட்டில் திறந்தால், அதே 'அம்மா' ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து நிற்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களின் கோளாறு இது. கணினியில் அந்த எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். டேப்லெட்டில் அது எளிதல்ல. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் உண்டு. வெறும் உரைக்கு அவை உதவும். படமும் கட்டமுமாக அமைத்த பக்கத்தைக் கரைசேர்க்காது.

டாலி மென்பொருளில் கணக்கு எழுதுபவர்கள், யுஎஸ்பி டோக்கனைச் செருகி டிஜிட்டல் கையொப்பமிட்டு அரசு டெண்டருக்கு விண்ணப்பிப்பவர்கள் கணினியை விடவே வேண்டாம்.

மற்றவர்கள் பத்து, பதினோரு அங்குலத் திரையாகப் பார்த்து வாங்குங்கள். எட்டு அங்குலத்தில் வங்கியின் படிவத்தை நிரப்புவதற்குள் பொறுமை போய்விடும். பழைய கணினி இன்னும் ஓடுகிறதென்றால், அதை எடைக்குப் போடுவதற்கு முன், அதிலுள்ள பாமினிக் கோப்புகளை அங்கேயே திறந்து பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவும் கூடவே பதிந்துவிடுவதால், எந்த டேப்லெட்டிலும் படிக்கலாம்.

நன்றி, வணக்கம்.