பருத்தித்துறைக்கு மேலால் போகாத ரொக்கெட்

வணக்கம் நேயர்களே. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய உலகப்படத்தைக் கொஞ்சம் எடுத்து விரியுங்கள். சென்னைக்கு வடக்கே, ஆந்திரக் கரையில் சிறீஹரிகோட்டா இருக்கிறது. இந்தியாவின் ரொக்கெட்டுகள் புறப்படும் இடம். அங்கே அடிமட்டத்தை வைத்து நேர் தெற்காக ஒரு கோடு கீறுங்கள். கடலைக் கடந்து அந்தக் கோடு கரையேறும் இடம் பருத்தித்துறை. அப்படியே தீவை ஊடறுத்துப் போய்க் காலிப் பக்கமாக மறுபடி கடலில் இறங்கும்.

பூமியைப் படம் பிடிக்கிற செய்மதிகள் பெரும்பாலும் துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. அவற்றைக் கொண்டுபோகிற ரொக்கெட்டுக்குத் தெற்குத் திசைதான் தோது. ஆனால் எரிந்து முடிந்த பாகங்களைக் கழற்றிவிட்டபடி சனம் வாழும் நிலத்துக்கு மேலால் பறக்க முடியாது. அதனால் இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் முதலில் தென்கிழக்காக, வங்காள விரிகுடாவுக்கு மேலே போகிறது. எங்கள் தீவை விலத்திய பிறகுதான் தெற்கே திரும்புகிறது. அந்த வேகத்தில் திசை மாறுவது சும்மா நடக்கிற காரியமில்லை. அதற்குச் செலவாகும் எரிபொருளுக்கு ஈடாகச் செய்மதியின் பாரத்தைக் குறைக்க வேண்டி வரும்.

இந்தத் தொழிலில் விலைபோவது கிலோ. பிஎஸ்எல்வி புறப்படும்போது ஏறத்தாழ 320 தொன் எடை. அது 600 கிலோமீற்றர் உயரத் துருவப் பாதையில் கொண்டுபோய் விடக்கூடியது 1,750 கிலோ அளவில்தான். மிச்சமெல்லாம் எரிபொருளும் அதை அடைத்து வைக்கிற கூடும் எஞ்சினும். பெரிய ரொக்கெட் ஒரு வளைவைத் தாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ 120 தொன் எடையுள்ள எஸ்எஸ்எல்வி போன்ற சின்ன ரொக்கெட்டுக்கு அந்த வளைவு பெரிய நட்டம்.

ஏவுவதைக் கூலிக்குச் செய்கிற முதல் கம்பனி ஐரோப்பியரின் ஆரியன்ஸ்பேஸ். 1980இல் தொடங்கியது. அவர்களுடைய தளம் தென்னமெரிக்காவில், நிலநடுக்கோட்டுக்கு 5 பாகை வடக்கே, பிரெஞ்சு கயானாவில் இருக்கிற கூரூ என்ற ஊர். அங்கிருந்து கிழக்கே ஏவினால் பூமி சுழலும் வேகமும் கூடவே சேரும். பிறகு 2015 டிசெம்பரில் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் கம்பனி தன் பால்கன் 9 ரொக்கெட்டின் கீழ்ப்பாகத்தைப் பத்திரமாகத் தரையிறக்கியது. 2017 மார்ச்சில், ஏற்கெனவே பறந்து வந்த ஒரு கீழ்ப்பாகத்தை வைத்தே ஒரு வாடிக்கையாளரின் செய்மதியை மேலே அனுப்பியது. சந்தை அதோடு தலைகீழாக மாறிவிட்டது.

அதே 2017 பெப்ரவரியில் இந்தியா ஒரே பிஎஸ்எல்வியில் 104 செய்மதிகளை ஏற்றியது. அதில் 101 வெளிநாட்டுச் செய்மதிகள். 2021 ஜனவரியில் ஸ்பேஸ்எக்ஸ் ஒரே தடவையில் 143ஐ ஏற்றி அதை முந்தியது. இப்படிக் கூட்டாகப் போவது பருத்தித்துறை பஸ்ஸில் ஏறுவது மாதிரி. காசு குறைவு, ஆனால் பஸ் எங்கே நிற்குமோ அங்கேதான் இறங்க வேண்டும். தனக்கு வேண்டிய உயரம், வேண்டிய நாள் என்று கேட்கிறவர் சின்ன ரொக்கெட்டைத் தனியாகப் பிடிக்கிறார். நியூசிலாந்தின் மாஹியாவில் இருந்து ரொக்கெட் லாப் கம்பனி செய்கிற வியாபாரம் அதுதான்.

விலை மட்டும் பார்த்துத்தான் வாடிக்கையாளர் வருவார் என்றும் இல்லை. 2022 மார்ச்சில், செய்மதி வழியாக இணையச் சேவை தரும் வன்வெப் கம்பனியின் 36 செய்மதிகள் கஸகஸ்தானின் பைக்கனூர் ஏவுதளத்தில் ரஷ்ய ரொக்கெட்டில் பொருத்தப்பட்டு ஆயத்தமாக நின்றன. உக்ரைன் போர் தொடங்கியிருந்தது. பயணம் நின்றது, செய்மதிகள் அங்கேயே அகப்பட்டுக்கொண்டன. கம்பனி வேறு வாகனம் தேடி அலைந்தது. அப்புறம் 2022 ஒக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இந்தியாவின் எல்விஎம்3 ரொக்கெட் தடவைக்கு 36 என்று 72 செய்மதிகளை ஏற்றிவிட்டது. நம்பி ஏற்ற ஒரு வாகனம் தயாராக நிற்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று அந்த ஆண்டு எல்லோருக்கும் விளங்கியது.

சரி, எங்களுக்குப் பக்கத்தில் நடப்பதைப் பார்ப்போம். தூத்துக்குடி மாவட்டத்தில், தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளம் எழுகிறது. 2024 பெப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் அந்தாட்டிக்கா வரை வெறும் கடல். சின்ன ரொக்கெட் வளையாமல் நேரே போகலாம். சென்னையில் அக்னிகுல் கம்பனியின் இளைஞர்கள் ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினை 2024 மேயில் சிறீஹரிகோட்டாவில் பறக்கவிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் மொழி பேசுகிற பிள்ளைகளின் கை அதில் இருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த சந்தோசம்.

எங்கள் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் இருவர் ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கும்போது செய்த இராவணா-1 செய்மதி, ஒரு கிலோவுக்குச் சற்றே கூடிய எடை. 2019 ஏப்ரலில் அமெரிக்க ரொக்கெட்டில் போய், யூனில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து விடுவிக்கப்பட்டது. ரொக்கெட் கட்டக் கோடிக்கணக்கில் வேண்டும். கைக்குள் அடங்கும் செய்மதியும், அது அனுப்புவதை வாங்கும் தரை நிலையமும், வந்த படத்தை வாசிக்கும் மென்பொருளும் அப்படியல்ல. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குள் இவற்றைச் செய்யலாம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று எங்கள் கடற்றொழிலாளர் பற்றியது. ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்னால், பாகங்கள் விழக்கூடிய கடற்பரப்பைக் குறித்துக் கப்பல்களுக்கு எச்சரிக்கை விடுவார்கள். அது ஆங்கிலத்தில், அகலக்கோடு நெடுங்கோட்டு எண்களோடு வரும். பலநாள் கலத்தில் போகிறவருக்கு அந்தக் கடற்பரப்பு தொழில் செய்யும் இடமாகவும் இருக்கலாம். குலசேகரன்பட்டினம் வேலை தொடங்கினால் மன்னார், புத்தளம் பக்கத்து ஆட்களும் இதைக் கவனிக்க வேண்டி வரும். திகதி, நேரம், எந்தத் திசையில் எத்தனை கடல் மைல் என்ற விபரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, மயிலிட்டி முதல் குருநகர் வரை இறங்குதுறைகளில் ஒட்ட வேண்டும். வானொலியில் கடல் வானிலை வாசித்து முடிந்ததும் அதையும் வாசித்துவிடலாம், ஒரு நிமிடம் போதும். கடற்றொழில் திணைக்களத்தையும் சங்கங்களையும் இப்போதே இதற்கு ஒழுங்கு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.