அந்த ஓநாய் இப்போது எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இருண்ட கதைகளும் படங்களும் சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றவையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "ஓநாய்க் கதையைச் சொல்லிவிட்டு நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். நடுராத்திரி பிள்ளை அலறிக்கொண்டு எழுந்தால் யார் பார்ப்பது?" என்றார். சரி, என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அக்கா மகளுக்கு அப்போது ஐந்து வயது. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதை வேண்டும் என்றாள். பிள்ளை மிரண்டுவிடுமே என்று அக்கா ஓநாயைச் சாதுவாக்கிவிட்டாள். ஓநாய் வந்தது, கதவைத் தட்டியது, பாட்டி திறக்கவில்லை, திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான், தூங்கு.

தூங்குவாளா?

"சாப்பிடாமலா போச்சு?"

"ஆமா."

"அப்ப அதுக்குப் பசிக்குமே?"

"பசிக்கும்தான்."

"இப்ப அது எங்க இருக்கு?"

"காட்டுல."

"காட்டுல எங்க?"

"ரொம்பத் தூரத்துல."

"நம்ம கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டியா?"

போட்டேன் என்றாள் அக்கா. பிள்ளை நம்பவில்லை. எழுந்து போய் வாசல் கதவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் கொல்லைக் கதவு. அப்புறம் ஒவ்வொரு ஜன்னலாக. அன்று விடியும்வரை அந்த வீட்டில் விளக்கு அணையவில்லை!

மறுநாள் என் அம்மா அதே கதையை முழுசாகச் சொன்னார். ஓநாய் பாட்டியை விழுங்கியது, சிறுமியையும் விழுங்கியது. வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கிழித்தான், இரண்டு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வயிற்றில் கல்லை நிரப்பினார்கள், ஓநாய் விழுந்து செத்தது.

"செத்தே போச்சா?"

"செத்தே போச்சு."

திரும்பிப் படுத்தவள்தான். காலையில்தான் எழுந்தாள்.

எதிரணி அம்மா, இப்போது நீங்கள் சொல்லுங்கள். பிள்ளையின் தூக்கத்தைக் கெடுத்தது ஓநாயா, ஓநாயைப் பசியோடு வெளியே அலையவிட்ட கதையா?

பிரான்ஸில் சார்ல் பெரோ 1697-ல் இந்தக் கதையை அச்சில் கொண்டுவந்தபோது, ஓநாய் சிறுமியைத் தின்பதோடு முடித்துவிட்டார். காப்பாற்ற யாரும் வரவில்லை. 1812-ல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் வேட்டைக்காரன் வருகிறான். ஆனால் அவர்கள் ஓநாயை விரட்டிவிடவில்லை, வயிற்றுக்குள் போனவர்கள் வெளியே வர வழி வைத்தார்கள். நாங்கள் கேட்பதும் அதைத்தான். நான்கு வயதுப் பிள்ளையை ரத்தம் தெறிக்கும் படத்துக்கு முன்னால் உட்கார வைக்கச் சொல்லி எங்கள் அணியில் யாரும் பேசவில்லை. அது வெறும் கொடூரம். 1942-ல் வந்த 'பாம்பி' படத்தில் தாய் மானைச் சுட்டுவிடுவார்கள். துப்பாக்கிச் சத்தம் மட்டும்தான் கேட்கும், உடலைக் காட்டமாட்டார்கள். குட்டி மான் அம்மா, அம்மா என்று தேடும். எண்பது வருடத்துக்கும் மேலாகப் பிள்ளைகள் அதைப் பார்த்து அழுகிறார்கள். அழட்டுமே! அழ வேண்டிய இடம்தானே அது?

எனக்குத் தெரிந்த ஒரு பையன், ஆறு வயது. அவன் அப்பா இறந்துவிட்டார். வேலைக்காக வெளியூர் போயிருக்கிறார் என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்லிவைத்தார்கள். போன் அடிக்கும்போதெல்லாம் பிள்ளை ஓடினான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடினான். எத்தனை மாதம் ஓடினான் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் அந்த மான் குட்டியைப் படத்தில் பார்த்தான். பார்த்துவிட்டு அம்மாவிடம் வந்து கேட்டான்: "நம்ம அப்பாவும் இப்படித்தான் வரவே மாட்டாராம்மா?"

அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்கு யாரும் இடமே கொடுக்கவில்லை, நடுவர் அவர்களே. அன்றைக்குத்தான் அந்தத் தாய் மகனைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னாள். ராத்திரி அவன் அலறிக்கொண்டு எழுந்தான். யார் பார்ப்பது என்று கேட்டீர்களே, அவள் பார்த்தாள். அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டு பேரும் விழித்திருந்தார்கள்.

அந்தப் பையனிடம் போய், இந்தப் படம் உன் வயசுக்கு ஆகாது என்று எதிரணி சொல்லுமா? நீங்கள் சொல்வீர்களா, நடுவர் அவர்களே?

நன்றி, வணக்கம்.