காவற்காரன் வெட்டும் கான்

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் ஹட்டன் டவுன் வரைக்கும் இறங்கி வந்திருக்கிறீர்கள். ஏ.எல். என்ற உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளுக்காக ஏற்பாடு செய்த பேச்சு என்றாலும், அவர்களைக் கூட்டி வந்த அம்மா அப்பாமாருக்கும் சேர்த்தே பேசப் போகிறேன். மூளையிலும் கண்ணிலும் ரத்தக்குழாய்கள் எப்படி வளர்கின்றன, எப்படிக் கசிகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு. ஏனென்றால் இந்த விஷயம் எனக்குப் புத்தகத்தில் தொடங்கவில்லை. என் அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், தொடங்கியது.

அம்மாயி நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். சீனி வியாதி இருந்தது. ஒருநாள் காலையில் பீலியில், அதாவது லயத்துத் தண்ணீர்க் குழாயடியில், முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தவர், “கண்ணுக்குள்ள கருப்பா நூல் நூலா தொங்குதுடா தம்பி” என்றார். வலி இல்லை, சிவப்பும் இல்லை. காட்டிய இடத்தில் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாதங்கள் கழித்துத்தான் ஒரு கண் டாக்டரிடம் போனோம். “விழித்திரையில் புதுசா ரத்தக்குழாய் முளைச்சு, அது கசிஞ்சிருக்கு” என்றார் அவர். அப்போது நான் ஸ்கூல் பையன். புது ரத்தக்குழாய் வந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்கும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, பதில் தேட முதலில் மூளைக்குப் போவோம், அப்புறம் கண்ணுக்குத் திரும்புவோம். உடம்பின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் நாம் இழுக்கிற ஒட்சிசனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அதனால் மூளை முழுக்க மயிர்க்கலன்கள், அதாவது மிக மெல்லிய ரத்தக்குழாய்கள், பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் சுவர்க் கலங்கள் (செல்கள்) மிக நெருக்கமாக மூட்டப்பட்டிருக்கும். ரத்தத்தில் வருகிற எல்லாமும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது.

மூளை என்கிற இந்தத் தோட்டத்துக்குக் காவற்காரர் உண்டு. 1919இல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா அவர்களை அடையாளம் கண்டு மைக்ரோகிளியா என்று பெயர் வைத்தார். மூளையின் நிர்ப்பீடனக் கலங்கள், அதாவது நோயை எதிர்க்கிற கலங்கள் இவை. நாம் கருவாக இருக்கும்போதே மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குள் குடிவந்து, ஆயுள் முழுக்க அங்கேயே இருப்பவை. சும்மா உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். 2005இல் உயிருள்ள எலிகளின் மூளையை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, மெல்லிய கைகளை நீட்டுவதும் மடக்குவதுமாக அவை ஓயாமல் சுற்றுப்புறத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

கருவில் இவற்றுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. இரண்டு ரத்தக்குழாய் முளைகள் எதிரெதிரே வளர்ந்து வரும்போது, அவை சந்திக்கிற இடத்தில் இந்தக் கலங்கள் நின்று இணைப்புக்கு உதவுகின்றன. பீலிக்குத் தண்ணீர் கொண்டுவர இரண்டு குழாயைப் பொருத்தும்போது ஒருவர் நடுவில் பிடித்துக்கொள்வாரே, அந்த மாதிரி.

அழற்சி, அதாவது காயத்துக்கோ கிருமிக்கோ எதிராக உடம்பு கிளர்ந்தெழுவது, வந்தால் நிலைமை மாறுகிறது. மைக்ரோகிளியா கைகளைச் சுருக்கி, உருண்டு திரள்கிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா, டி.என்.எஃப். போன்ற சமிக்ஞைப் புரதங்களை வெளியிடுகிறது. அவற்றால் தூண்டப்பட்ட பக்கத்துக் கலங்களும், சில வேளை மைக்ரோகிளியாவும், வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பிள்ளைகளே, இந்தப் புரதத்தின் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். 1983இல் ரத்தக்குழாயைக் கசிய வைக்கிற பொருள் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1989இல் ரத்தக்குழாயை வளர்க்கிற பொருள் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்! வளர்க்கிற கையே மூட்டுகளையும் தளர்த்துகிறது. என் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

மீதிப் பதில் நம் மலையிலேயே இருக்கிறது. தோட்டத்தில் கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வடிகால், வெட்டுகிற அண்ணன்மார் சரிவு பார்த்து, கரையை இறுக்கி வெட்டுவார்கள். அடைமழையில் அவசரமாக ஒரு கான் கீறிவிட்டால் என்ன ஆகும்? தண்ணீர் ஓடும்தான், ஆனால் கரை கரைந்து மண்ணும் சேர்ந்து போகும். அழற்சியில் அவசரமாக முளைக்கிற ரத்தக்குழாயும் அப்படித்தான். சுவரைத் தாங்கும் துணைக் கலங்கள் சரியாகச் சேர்ந்திருக்காது, மூட்டும் இறுகியிருக்காது.

அதற்காக மைக்ரோகிளியாவைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், உடம்பில் அழற்சி உள்ள எலிகளில் ஒன்றைக் கண்டார்கள். ஆரம்பத்தில் இந்தக் கலங்கள் ரத்தக்குழாயை நோக்கி நகர்ந்து, அதைத் தொட்டு நின்று, கசிவை அடைக்கின்றன. அழற்சி நீடித்தால் அதே கலங்கள் குழாயைச் சுற்றியுள்ள தாங்கு கலங்களின் பாதங்களைத் தின்னத் தொடங்குகின்றன. அப்புறம்தான் கசிவு. எத்தனை நாள் நீடிக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இனி அம்மாயியின் கண். விழித்திரை என்பது கருவில் மூளையிலிருந்தே புறப்பட்டு வளர்கிற பகுதி. அங்கேயும் மைக்ரோகிளியா உண்டு. சீனி பல வருஷம் கூடியே இருந்தால் மயிர்க்கலன்கள் பழுதாகி அடைபடுகின்றன, ஒட்சிசன் குறைகிறது, காவற்கலங்கள் கிளர்ந்தெழுகின்றன, வி.ஈ.ஜி.எஃப். பெருகுகிறது. அவசரக் கான்கள் முளைக்கின்றன. அம்மாயி கண்டது நூல் இல்லை, கசிந்த ரத்தம். லேசர் வைத்து ஒரு கண்ணைக் காப்பாற்றினார்கள். மற்றக் கண் போய்விட்டது. இன்றைக்கு வி.ஈ.ஜி.எஃப்.ஐத் தடுக்கிற ஊசியும் இருக்கிறது. கண்ணுக்குள் ஊசியா என்று பயப்படாதீர்கள், மரக்கவைத்துத்தான் போடுவார்கள்.

சீனி உள்ளவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே, வருஷத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும். கண்ணில் மருந்து விட்டு, கண்மணியை விரித்து உள்ளே பார்ப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து மங்கும், பஸ் படி சரியாகத் தெரியாது. பிள்ளைகளே, அன்றைக்கு ஒரு கிளாஸ் போனாலும் பரவாயில்லை, அம்மாயியின் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள்.