மதிலைக் கேட்டவர்கள் பக்தர்களே

அவையோருக்கு என் வணக்கம்.

அமெரிக்கா கிறித்தவ நாடாகப் பிறந்ததா, இல்லையா? இந்த வழக்கு அங்கே இன்றும் ஓயவில்லை. ஆம் என்போர் 1776-ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை எடுத்து வைக்கிறார்கள். அதில் படைத்தவர் உண்டு, இயற்கையின் கடவுள் உண்டு. இயேசுவின் பெயர் இல்லை. மறுப்போர் 1787-இல் எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். ஆண்டைக் குறிக்கும் வழக்கமான தொடரில் ஆண்டவர் வருவதோடு சரி. மத்திய அரசின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்று அதன் ஆறாம் பிரிவு அறுதியிட்டுச் சொல்கிறது.

அந்தச் சட்டத்தை வகுத்த பிலடெல்பியா மாநாட்டில், ஜூன் 28 அன்று பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 81. மாநிலங்களின் பிரதிநிதித்துவம் பற்றிய சச்சரவில் மாநாடு முட்டி நின்ற நேரம். தினமும் காலையில் ஜெபத்தோடு தொடங்குவோம் என்றார். வாக்கெடுப்பே நடக்காமல் அவை கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று கருதியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இதைக் கொண்டு, அரசிலிருந்து மதத்தை ஒதுக்கிவைத்தது இறைநம்பிக்கை இல்லாதவர்களின் வேலை என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். அதை என்னால் ஏற்கவே முடியாது. சுதந்திரத்துக்கு முந்தைய வர்ஜீனியாவின் சிறைகளைப் பாருங்கள். அங்கே ஆங்கிலிக்கன் சபை, அதாவது இங்கிலாந்துத் திருச்சபைதான் அரசுச் சபை. உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்த, பாப்டிஸ்டு என்ற வேறொரு கிறித்தவப் பிரிவின் போதகர்களைப் பிடித்து அடைத்தார்கள். கல்பெப்பர் சிறையில் கிடந்த ஜேம்ஸ் அயர்லாந்து என்ற போதகர், கம்பிகளுக்கு இடையே முகத்தை வைத்து வெளியே கூடியவர்களுக்குப் பிரசங்கம் செய்தார். கதவின் அடியில் கந்தகமும் மிளகாயும் கொளுத்தித் தம்மை மூச்சுத்திணற வைக்கப் பார்த்தார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். அவரைத் துன்புறுத்தியவர்களும் கிறித்தவர்களே!

பக்கத்து மாவட்டச் சிறையில் ஐந்தாறு நல்லவர்கள் கிடக்கிறார்கள் என்று 1774-இல் நண்பருக்குக் கடிதம் எழுதிக் கொதித்த 22 வயது இளைஞர்தான், பின்னாளில் அரசியலமைப்பை வகுப்பதில் முன்னின்ற ஜேம்ஸ் மாடிசன். கிறித்தவப் போதகர்களுக்காக மக்களிடம் வரி வாங்கலாம் என்று வர்ஜீனியா சட்டமன்றத்தில் பாட்ரிக் ஹென்றி என்ற தலைவர் மசோதா கொண்டுவந்தபோது, 1785-இல் அதை எதிர்த்து மனு எழுதியவரும் அவரே. பாப்டிஸ்டுகளும் மனுமேல் மனுவாக அனுப்பினார்கள். தங்கள் விசுவாசத்துக்கு அரசின் காசு வேண்டாம் என்றார்கள். மசோதா மடிந்தது. 1786-இல், சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சனின் மதச் சுதந்திரச் சட்டம் அங்கே நிறைவேறியது. 1791-இல், அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்னும் அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் வந்தது.

அந்தத் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சபை வரி 1833 வரை நீடித்தது. 'கடவுளை நம்புகிறோம்' என்பது தேசிய முழக்கமானதோ 1956-இல்தான். நாட்டின் தோற்றத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவது நியாயமே இல்லை.

சபைக்கும் அரசுக்கும் இடையே மதில் என்ற புகழ்பெற்ற தொடரை, அப்போது அதிபராக இருந்த ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று எழுதினார். கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய பதில் கடிதம் அது. அங்கே அவர்கள் பிறர் சபைக்கான வரியிலிருந்து விலக்குப் பெறவே சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. 1818-இல் புதிய மாநில அரசியலமைப்பு வந்த பிறகே அந்த நிலை நீங்கியது.